வானத்தில் ஒரு செவ்வகம்

விமானம் ஓட்டப் பழகுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து யட்டவத்தையில் என்னிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. சின்னப் பிள்ளைகள், "எந்த நாட்டுக்கெல்லாம் போனீங்க தாத்தா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள், "பயமில்லையா மகள்?" என்பார்கள். முதற்கேள்விக்கு என் பதில் கேட்டவரை ஏமாற்றிவிடும். நான் பறந்த நேரத்தில் பெரும்பகுதி ரத்மலானை ஓடுபாதையைச் சுற்றியே கழிந்திருக்கிறது. ஏறுவது, சுற்றுவது, இறங்குவது, சக்கரம் தரையில் உருளும்போதே மறுபடி ஏறுவது. இரண்டாம் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம். கல்லூரி மலருக்கு எழுதச் சொன்னபோது அதையே எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். பெற்றோரும் வாசிக்கும் மலர் என்பதால், அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும் ஒளிக்காமல் சேர்த்திருக்கிறேன்.

நான் பழகும் செஸ்னா 152 இரண்டு ஆசனங்கள் கொண்ட சிறு விமானம். இயந்திரம் 110 குதிரைவலு. ஆளும் எரிபொருளுமாகச் சேர்ந்து அதன் உச்ச நிறை 757 கிலோகிராம், அதாவது ஒரு சிறிய காரின் நிறைகூட இல்லை. மாணவிக்கு இடப்பக்க ஆசனம், பயிற்றுவிப்பாளருக்கு வலப்பக்கம். பிடிகளும் மிதிகளும் இருவருக்கும் தனித்தனியே உண்டு. நான் செய்வதை அவர் எந்தக் கணத்திலும் தன் கைக்கு எடுத்துக்கொள்ள முடியும்.

ரத்மலானைக்கு ஒரு பழைய பெருமை இருக்கிறது. 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கு முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவர் சென்னை பறத்தல் கழகத்தின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் டின்டால் பிஸ்கோ. அது 'பஸ் மொத்' என்ற சின்னஞ்சிறு விமானம். 1947 டிசம்பர் 10இல் ஏயார் சிலோன் தன் முதற்பயணத்தைக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தொடங்கியதும் இங்கிருந்துதான். பெரிய விமானங்களெல்லாம் பின்னர் கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டன. கொழும்புப் பக்கத்தில் சிறு விமானம் பழக விரும்புகிறவர்களுக்கு இன்றும் ரத்மலானையே தாய்வீடு.

அங்குள்ள ஓடுபாதையின் ஒரு முனையில் 22 என்றும் மறுமுனையில் 04 என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அவை திசைகாட்டியின் பாகைகள், கடைசிப் பூச்சியம் மட்டும் விடப்பட்டிருக்கும். 22 என்றால் 220 பாகை, ஏறக்குறைய தென்மேற்கு. 04 என்றால் 040 பாகை, வடகிழக்கு. ஒரே பாதைக்கு இரண்டு பெயர் வந்தது காற்றினால். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். சிறுபோகத்துக்குரிய தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் 22 முனை, பெரும்போகத்து மழையைக் கொண்டுவரும் வடகிழக்குக் காற்றுக்கு 04 முனை. நம் பெரியவர்கள் வயலுக்காகப் பார்க்கும் காற்றுக்கு ஏற்ப ஓடுபாதையைப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ரசிக்கத் தகுந்த விடயம்.

எதிர்க்காற்று ஏன் அவ்வளவு முக்கியம்? பௌதிகவியல் படிக்கும் தங்கைமார் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் காற்றினூடாக 60 நொட் வேகத்தில் இறங்குகிறது, அது மணிக்கு சுமார் 111 கிலோமீற்றர். எதிரே 10 நொட் காற்று வீசினால் தரையைத் தொடும்போது தரையோடு ஒப்பிட்ட வேகம் 50 நொட் மட்டுமே. அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 70 நொட். 50க்கும் 70க்கும் வித்தியாசம் சிறிதுபோலத் தோன்றும். ஆனால் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டையும் வர்க்கித்துப் பார்த்தால் 2500, 4900. தடுப்புகள் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது.

இனிச் சுற்றுக்கு வருவோம். ஓடுபாதையை ஒரு பக்கமாக வைத்து வானத்தில் ஒரு செவ்வகம் வரைவதுதான் சுற்று. இடப்புறமாகத் திரும்பிச் சுற்றுவது உலக வழக்கம். விமானி இடப்பக்கம் அமர்வதால் ஓடுபாதை எப்போதும் அவர் யன்னலில் தெரியும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால் வலப்புறமும் சுற்றுவோம். 22 முனையிலிருந்து ஏறினால் காலி வீதி கீழே ஓடி மறையும், ரயில் பாதை தெரியும், அப்புறம் கடல். 500 அடியில் முதல் திருப்பம். இடப்புறம் திரும்பினால் பொல்கொட ஏரிப் பக்கம் மூக்கு நிற்கும். 1000 அடியில் ஏற்றத்தை நிறுத்தி மறுபடி திரும்பினால் ஓடுபாதைக்குச் சமாந்தரமாக, ஏறிய திசைக்கு நேரெதிராகப் பறப்போம். காற்று முதுகில் இருப்பதால் இந்தப் பக்கத்துக்கு 'டவுன்விண்ட்' என்று பெயர். பிறகு இன்னொரு திருப்பம், அது 'பேஸ்'. கடைசித் திருப்பத்தோடு ஓடுபாதை நேரெதிரே வந்துவிடும், அது 'ஃபைனல்'. எல்லாம் சேர்ந்து ஆறு நிமிடங்கள் அளவில் முடிந்துவிடும்.

கேட்பதற்கு இலேசு. ஆனால் டவுன்விண்ட் பக்கத்தின் இரண்டு நிமிடங்களுக்குள் நடப்பவற்றைப் பாருங்கள். முதலில் வானொலியில் கோபுரத்துக்கு நம் இடத்தைச் சொல்ல வேண்டும். இலங்கை விமானங்களின் பதிவெண்கள் எல்லாம் 4, ஆர் என்றே தொடங்கும். அதை 'ஃபோர் ரோமியோ' என்று உச்சரிப்போம். பேச்சு முழுவதும் ஆங்கிலம். மற்ற விமானம் எங்கே என்பதைக் காதால் கேட்டு, கண்ணாலும் தேட வேண்டும். பிறகு தடுப்பு, எரிபொருள், கலவை, மானிகள், கதவு, ஆசனப்பட்டி என்று வரிசையாகச் சரிபார்ப்பு. இவற்றினிடையே உயரம் 1000 அடியிலிருந்து அசையக் கூடாது. ஓடுபாதை தூரமாகவோ கிட்டவாகவோ போய்விடவும் கூடாது.

அந்தச் சரிபார்ப்பில் 'காப் ஹீற்' என்ற ஒரு கைப்பிடி உண்டு. இயந்திரத்தினுள் போகும் காற்றைச் சூடாக்க அதை இழுக்கிறோம். ரத்மலானை வெயிலில் வியர்த்து வடிந்துகொண்டு எதற்குச் சூடு என்று யாருக்கும் தோன்றும். காபரேற்றருக்குள் பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஊசி போடுமுன் தாதி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் தோல் குளிர்கிறதே, அதே காரணம்தான். உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலேயே சடுதியாக விழக்கூடும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் குழாய்க்குள் பனிக்கட்டியாகப் படிந்து இயந்திரத்தின் மூச்சை அடைக்கும். பனியே விழாத நாட்டில் பனிக்கட்டிக்குப் பயப்பட வேண்டிய ஒரே இடம் சிறு விமானத்தின் காபரேற்றர்தான் என்று நினைக்கிறேன்.

ஃபைனலில் கற்றுத்தரும் முதல் வித்தை மிக எளிமையானது, ஆனால் என்னை வியக்க வைத்தது. முன்கண்ணாடியில் ஓடுபாதையின் தொடக்கத்தைப் பாருங்கள். அந்த இடம் கண்ணாடியில் அசையாமல் அங்கேயே நின்று பெரிதாகிக்கொண்டு வந்தால் நீங்கள் போய்ச் சேரப்போவது அந்த இடத்துக்குத்தான். அது கண்ணாடியில் மேல்நோக்கி நகர்ந்தால் நீங்கள் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுவீர்கள். கீழ்நோக்கி நகர்ந்தால் தாண்டிப் போவீர்கள். கருவி ஒன்றும் வேண்டாம், கண் போதும். வழமையான இறக்கச் சரிவு 3 பாகை. ஏறக்குறைய 19 அடி முன்னே போனால் ஓரடி கீழே என்ற அளவு. நம் பக்கத்து மலைப்பாதைகளில் பஸ் இறங்குவது பல இடங்களில் இதைவிடச் செங்குத்து.

வேகத்தை மூக்கால் பிடி, உயரத்தை இயந்திரத்தால் பிடி என்பார்கள். காரில் பழகிய கால் இதை ஏற்காது. தாழ்ந்து போகிறோம் என்று தெரிந்ததும் மனம் மூக்கைத் தூக்கத்தான் சொல்லும். தூக்கினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் இன்னும் தாழும். கேட்பதற்கு ஒரு சூத்திரம். உடம்புக்குள் அது இறங்கப் பல டசின் சுற்றுகள் வேண்டும்.

இனி ஓடுபாதைக்கு மேலே வந்துவிட்டோம். நிலத்திலிருந்து சில மீற்றர். இயந்திரத்தைக் குறைத்து, மூக்கை மெல்ல மெல்ல உயர்த்தி, விமானத்தை இறங்க விடாமல் பிடிக்க வேண்டும். விசித்திரம்தான், இறங்குவதற்காக இறங்காமல் இருக்க முயல்கிறோம். விமானம் வேகத்தை இழந்து தானாகவே அமரும். முதலில் பின்சக்கரங்கள் இரண்டு, அப்புறம் மூக்குச்சக்கரம். பார்வை மூக்குக்கு நேர் கீழே இருந்தால் உயரம் தெரியாது. ஓடுபாதையின் தொலைமுனையைப் பார்த்தால்தான் ஓரக்கண்ணில் நிலம் எழும்பி வருவது தெரியும். இறக்கையின் அகலம் சுமார் 10 மீற்றர். அந்த அளவு உயரத்துக்குள் வந்ததும் இறக்கைக்கும் தரைக்கும் இடையே காற்றோட்டம் மாறி விமானம் ஒரு மெத்தையில் ஏறியதுபோல மிதக்கும். ஐந்து நொட் வேகம் கூடுதலாகக் கொண்டுவந்த மாணவிக்கு அந்த மிதப்பு முடியவே முடியாது. பொறுமையிழந்து மூக்கை அழுத்தினால் மூக்குச்சக்கரம் முதலில் மோதிப் பந்துபோல எகிறும்.

இந்தக் கட்டம் மொத்தம் பத்துச் செக்கன். நான் போட்ட கணக்கொன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஒரு மணித்தியாலப் பயிற்சியில் எட்டுத் தரையிறக்கம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் உண்மையில் இறங்கப் பழகிய நேரம் 80 செக்கன். ஒரு மாணவி தனியே பறக்குமுன் 80 முறை இறங்குகிறாள் என்றால், அந்தப் பத்து மணித்தியாலத்தில் அவள் இறக்கத்தைப் பயின்றது 13 நிமிடமும் சில செக்கன்களும்தான். காசு கட்டும் வாப்பாவுக்கு இது அநியாயமாகத் தெரியலாம். மணித்தியாலத்துக்கு 23 லீற்றர் அளவில் எரிபொருள் குடிக்கிறது, அதுவும் சாதாரணப் பெற்றோல் அல்ல, விமானப் பெற்றோல். ஆனால் மிச்ச நேரம் வீண் போவதில்லை. நல்ல தரையிறக்கம் ஓடுபாதையின் மேல் தொடங்குவதில்லை. டவுன்விண்டில் உயரம் சரியாக இருந்தால் பேஸ் சரியாக வரும், பேஸ் சரியானால் ஃபைனல் சரியாகும். கடைசிப் பத்துச் செக்கனில் கெட்டுப்போவது பெரும்பாலும் நாலு நிமிடத்துக்கு முன்னே கெட்டதுதான்.

இப்போது அந்தப் பயக் கேள்வி. சுற்றில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வதுதான் பெற்றோருக்குச் செய்யும் மரியாதை.

ஆபத்தான இடங்கள் இரண்டு. ஒன்று, பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் மூலை. காற்று பக்கவாட்டில் தள்ளி ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால், மாணவியின் மனம் இன்னும் சாய்த்துத் திரும்பு என்று சொல்லும். இறக்கை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே காற்றைப் பிடிக்காது, தாங்குதல் அறுந்து விமானம் விழும். அதை 'ஸ்டோல்' என்கிறோம். விமானத்தைச் சாய்க்கச் சாய்க்க அந்த வேக எல்லை உயரும். 45 பாகை சாய்வில் 19 வீதம் கூடும், 60 பாகையில் 41 வீதம். மூக்கைத் திருப்புவதற்குக் கால்மிதியையும் அழுத்தினால் ஓர் இறக்கை முதலில் விழுந்து விமானம் சுழலத் தொடங்கும். அப்போது உயரம் 500, 600 அடிதான், மீள இடமில்லை. ஆகவே சுற்றில் 30 பாகைக்கு மேல் சாய்ப்பதில்லை என்பது சட்டம் போலச் சொல்லித்தரப்படுகிறது. கோட்டைத் தாண்டிவிட்டாயா? விடு, ஏறிப் போ, மறுபடி வா.

மற்றது, ஏறிய உடனே இயந்திரம் நிற்பது. அரிதாகவே நடக்கும், ஆனால் நடக்கும். ஓடுபாதை பின்னாலேயே இருக்கிறதே, திரும்பிப் போய் இறங்கலாமே என்று யாருக்கும் ஆசை வரும். தாழ்ந்த உயரத்தில் அப்படித் திரும்ப முயன்று மாண்ட விமானிகள் உலகெங்கும் பலர். நேர் முன்னே, இருபுறமும் சிறு சாய்வுக்குள் தெரியும் வெளியில் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் இதை வாய்விட்டுச் சொல்ல வைப்பார்கள். நூறாவது முறையும் சொல்ல வேண்டும். நான் பிஸ்மி சொல்லி, பிறகு இதையும் சொல்லித்தான் விசையைத் தள்ளுகிறேன்.

பறவைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் வடகிழக்கே பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம். கொக்கும் நாரையும் நிறைந்த அழகான இடம், 22 முனைக்கு இறங்கிவரும்போது மட்டும் அந்த அழகை ரசிக்க மனம் வராது.

'கோ அரவுண்ட்' என்று ஒன்றுண்டு. இறக்கம் சரியில்லை என்று தோன்றினால் முழு விசையும் கொடுத்து மேலே ஏறிப்போய் மீண்டும் சுற்றி வருவது. எந்த உயரத்திலும், எந்தக் கணத்திலும் செய்யலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இறங்கவா வேண்டாமா என்று வலப்பக்கத்து முகத்தைப் பார்க்காமல் தானே முடிவெடுத்து ஏறிப்போகும் மாணவியைத்தான் தனியே அனுப்பலாம் என்று பயிற்றுவிப்பாளர் எண்ணத் தொடங்குவார். நெகிழ்வாக இறங்கத் தெரிவது இரண்டாம் பட்சம். நம் பிள்ளைகளை நாம் எல்லாவற்றுக்கும் கேட்டுச் செய் என்றுதான் வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த எனக்கு இந்தப் பாடம்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

ஒருநாள் மூன்று நல்ல இறக்கங்களுக்குப் பிறகு அவர் கதவைத் திறந்து இறங்கிவிடுவார். ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, தனியாக. என்னை அப்படி அனுப்பிய காலையில் நான் முதலில் உணர்ந்தது பயத்தை அல்ல, இலேசை. ஓராள் நிறை குறைந்ததும் விமானம் வழமையைவிடச் சீக்கிரம் தரையை விட்டெழும்பியது, ஏற்றமும் வேகமாக இருந்தது. 1000 அடிக்கு முன்கூட்டியே வந்துவிட்டேன். வலப்பக்கம் பார்த்தால் வெறும் ஆசனம், கட்டிவைத்த பட்டி. அதன்பின் ஆறு நிமிடத்தில் யோசிக்க நேரமிருக்கவில்லை, வேலை இருந்தது.

உம்மாமார் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பேர் தோளோடு தோள் அமரும் கூடு அது, பயிற்றுவிப்பாளர் பெரும்பாலும் ஆணாகவே இருப்பார், என்ன செய்வது? பெண் பயிற்றுவிப்பாளர் இருக்கிறாரா என்று சேருமுன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. என் வாப்பா முதல்வாரம் முழுநாளும் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். குடும்பத்துக்குக் குடும்பம் முடிவு வேறுபடலாம், அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உடையைப் பற்றிய சந்தேகத்துக்கு மட்டும் உறுதியான பதில் உண்டு. ஹிஜாப் தடையே இல்லை. மெல்லிய பருத்தித் துணியாக இருக்கட்டும், காதருகே ஊசி வேண்டாம், காதுக்கருவி அழுத்தி வலிக்கும். நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள், பட்டியிலோ பிடியிலோ சிக்கக் கூடாது. நோன்பு மாதத்தில் நான் பறப்பதில்லை. தண்ணீரில்லாத உடம்பும் நண்பகல் வெயிலும் விமானிக்கு ஆகாது. அந்த மாதத்தை வகுப்பறைப் பாடங்களுக்கு வைத்துக்கொண்டேன்.

இது நமக்குப் புதிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னையில் சிறுவயதைக் கழித்த உருது எழுத்தாளர் ஹிஜாப் இம்தியாஸ் அலி 1930களிலேயே லாகூரில் பறக்கக் கற்று உரிமம் பெற்றார். கதை எழுதும் கைதான் விமானத்தையும் பிடித்தது, இலக்கிய மலர் வாசிக்கும் நீங்கள் இதை மறக்கக் கூடாது. நம் காலத்தில் ஹைதராபாத்தில் பேக்கரித் தொழிலாளி ஒருவரின் மகள் சையிதா சல்வா பாத்திமா வர்த்தக விமானியாகியிருக்கிறார். 2020இல் இலங்கை விமானப் படையிலும் முதன்முறையாகப் பெண் விமானிகள் இருவர் சீனன்குடாவில் பயிற்சி முடித்துச் சிறகு அணிந்தார்கள்.

சேர விரும்பும் தங்கைமாருக்குச் சில நடைமுறை விடயங்கள். சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும், குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டும் வர்த்தக உரிமத்துக்கு 18 வயது. அதற்கான மணித்தியாலங்கள் பயிற்சி முறையைப் பொறுத்து 150 அல்லது 200. தனியார் உரிமம் வேலை தராது, வர்த்தக உரிமமும் உடனே வேலையைத் தரும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. செலவோ ஒரு வீடு கட்டும் செலவுக்குப் பக்கத்தில் நிற்கும். முழுத்தொகையையும் முற்பணமாகக் கேட்கும் இடத்தில் இரண்டு முறை யோசியுங்கள், மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் கட்டும் ஏற்பாடு இருந்தால் அதுவே நல்லது. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படித்திருந்தால் பாடங்கள் இலேசு, ஆனால் கலைப்பிரிவுப் பிள்ளைகளும் படித்து முடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் இன்றே தொடங்குங்கள். கோபுரத்தின் கட்டளையை அரைச் செக்கனில் விளங்கித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்.

கண்ணாடி அணிவது தடையல்ல, கண்ணாடியோடு பார்வை தேறினால் போதும். நிறக்குருடு வேறு விடயம், அதற்குத் தனிச் சோதனை உண்டு. ஆகவே எந்தப் பாடசாலைக்கும் ஒரு சதமும் கட்டுமுன்னர் மருத்துவச் சோதனையை முடித்துச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வர்த்தக விமானியாக எண்ணமிருந்தால் முதலாம் வகுப்புச் சான்றிதழையே முதலில் கேட்டு வாங்குங்கள்.